கதை முடிந்த பிறகு ஒரு பக்கம்: நாவலுக்கும் நாடகத்துக்கும் பின்கதை எழுதும் முறை

புதிதாக எழுத வருகிறவர்கள் எபிலோக்கை, அதாவது பின்கதையை, தேடிப் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். கடைசி அத்தியாயம் திருப்தியாக வரவில்லை, ஏதாவது ஒட்டவைத்துச் சமாளிக்கலாம் என்பது ஒன்று. பாத்திரங்களைப் பிரிய மனம் வரவில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பான காரணங்கள். கடைசி அத்தியாயம் சரியில்லையென்றால் திருத்த வேண்டியது அதைத்தான். பாத்திரங்களைப் பிரிய மனமில்லாதது எழுதுகிறவரின் பிரச்சினை, வாசகரின் தலையில் அதை ஏற்றக் கூடாது.

பின்கதைக்கு உள்ள வேலை ஒன்றுதான். கதையின் உச்சத்தில் நின்றுகொண்டு சொல்ல முடியாத ஒரு விஷயத்தை, காலம் தள்ளியோ இடம் மாறியோ வேறொரு குரலிலோ சொல்வது. அப்படிச் சொல்ல ஒன்றுமில்லையென்றால் பின்கதையும் வேண்டாம். இலங்கையின் மலையகத்தில் முதல் நாவலையோ குறுநாவலையோ எழுதிக்கொண்டிருப்பவர்களும், பாடசாலை மேடைக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் நாடகம் போடுகிறவர்களும் இதை எப்படிச் செய்யலாம் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

எது எது என்று முதலில் பிரித்துவிடுங்கள்

நூலின் கடைசியில் வருவதெல்லாம் பின்கதை ஆகாது. பாத்திரங்களின் உலகத்துக்குள்ளேயே நடப்பது பின்கதை. ஆசிரியர் தன் பெயரில் வெளியே வந்து, எப்படி எழுதினேன், யாருக்கு நன்றி என்று பேசினால் அது பின்னுரை. சட்டம், ஒப்பந்தம், வரைபடம், வட்டார வழக்குச் சொற்களுக்கு விளக்கம் ஆகியவை பின்னிணைப்பு. மேடையில் நாடகம் முடிந்ததும் ஒருவர் முன்னால் வந்து சபையைப் பார்த்துப் பேசுவதை இங்கே முடிவுரை என்போம். அச்சில் இவற்றின் வரிசை: கடைசி அத்தியாயம், பின்கதை, பின்னுரை, பின்னிணைப்பு. பின்னுரை முந்திக்கொண்டால் வாசகர் கதைக்குள்ளிருந்து வெளியே வந்துவிடுவார், மறுபடி உள்ளே போகமாட்டார்.

படி 1: வேண்டுமா என்று சோதித்துப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து இரண்டு கேள்விகளை எழுதுங்கள். கதை முழுவதையும் இழுத்துக்கொண்டு வந்த கேள்வி எது? கடைசி அத்தியாயம் முடிந்த பிறகும் வாசகரிடம் மிஞ்சி நிற்கும் கேள்வி எது? முதல் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லையென்றால் கதையே முடியவில்லை என்று அர்த்தம், திரும்பிப் போய் முடியுங்கள். இரண்டாவது இடத்தில் எழுத எதுவும் அகப்படவில்லையென்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். நாலைந்து கேள்விகள் வந்து நின்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கதையைக் கட்டிப் பார்க்கலாம். 1972, தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அண்ணனுக்கு வயது 24, தங்கை மாரியாயிக்கு 19. மலையகத் தமிழரில் யார் எந்த நாட்டுப் பிரஜை என்று பிரிக்க இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தின் கீழ் அண்ணன் குடும்பத்துக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைக்கிறது, தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அண்ணன் போவானா, நிற்பானா என்பதுதான் கதையை இழுக்கும் கேள்வி. கடைசி அத்தியாயத்தில் தலவாக்கலை ஸ்டேஷனிலிருந்து கோச்சி புறப்படுகிறது. தலைமன்னார் போய், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். போய்விட்டான். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மிஞ்சுவது என்ன? ‘அவர்கள் மறுபடி சந்தித்தார்களா’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது எந்தப் பிரிவுக் கதைக்கும் பொருந்தும் கேள்வி. இந்தக் கதைக்கே உரிய கேள்வி வேண்டும். மூட்டை கட்டும் அவசரத்தில் தங்கையின் பிறப்புச் சான்றிதழும் அண்ணனின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது என்று கதையில் இருந்தால், அந்தக் காகிதம் என்னவாயிற்று என்ற கேள்வி மிஞ்சும். ஸ்டேஷனில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் வருவதற்குக் காலம் ஓட வேண்டும். பின்கதைக்கு நியாயம் அங்கேதான் பிறக்கிறது.

படி 2: காலம், இடம், குரல் மூன்றில் ஒன்றாவது மாறட்டும்

மூன்றும் அப்படியே இருந்தால் நீங்கள் எழுதுவது இன்னொரு அத்தியாயம். அதற்கு இலக்கம் போட்டு அத்தியாயமாகவே வைத்துவிடலாம். மூன்றையும் ஒரேயடியாக மாற்றினாலோ, வேறு நாவல் தொடங்கிவிட்டதோ என்று வாசகர் திகைப்பார். ஒன்றோ இரண்டோ போதும்.

அதிகம் மாறுவது காலம். பிழையும் அங்கேதான் அதிகம். ஆண்டு, ஒவ்வொரு பாத்திரத்தின் வயது, நாட்டிலும் தோட்டத்திலும் மாறியவை என்று மூன்று நிரலில் ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். நம்முடைய கதையின் பின்கதை 2019இல் நடக்கிறதென்றால் மாரியாயிக்கு 66, அண்ணன் இருந்தால் 71. மூன்றாவது நிரலில்தான் கவனம் வேண்டும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. ஆகவே கதையில் வந்த வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர்ப்பலகை பின்கதையிலும் தொங்கக் கூடாது. தலைமன்னார்க் கப்பல் 1980களில் போரோடு நின்றுபோனது. 1990இல் அண்ணன் கப்பலேறி வந்து இறங்குவதாக எழுதினால், அந்தப் பாதையை அறிந்த வாசகர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்.

இடம் மாறும்போது அது கதையோடு ஏற்கெனவே தொடர்புள்ள இடமாக இருக்கட்டும். தாயகம் திரும்பியவர்கள் நிறையப்பேர் நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில்தான் குடியேற்றப்பட்டார்கள். கூடலூர், கோத்தகிரி என்று எழுதினால் நம்பும்படி இருக்கும். திடீரென்று கனடாவில் பனி கொட்டுவதாகத் தொடங்கும் பின்கதைகள் இப்போது அளவுக்கு மேல் வருகின்றன. கதைக்குள் கனடாவுக்கு எந்த வேரும் இல்லாவிட்டால் அது வெறும் காட்சி அலங்காரம்தான்.

குரல் மாறுவதற்கு நம் மரபிலேயே பெரிய முன்மாதிரி உண்டு. சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதையான வரந்தரு காதையில், அதுவரை கதை சொல்லிக்கொண்டிருந்த இளங்கோவடிகளே கதைக்குள் வருகிறார். கண்ணகி தன் தோழி தேவந்தியின் மேல் வந்து, இளங்கோவடிகள் துறவு பூண்ட வரலாற்றைச் சொல்கிறாள். ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்’ வந்துபோவதும் இதே காதையில்தான். அதற்குப் பிறகு ‘தெளிவுறக் கேட்ட திருத்தகு நல்லீர்’ என்று கேட்டிருந்தவர்களை நேராக விளித்து அறிவுரைகள் வருகின்றன. கதை, கதை சொன்னவர், கதை கேட்டவர் மூவரும் கடைசியில் ஒரே இடத்தில் கூடிவிடுகிறார்கள். குரல் மாற்றம் செய்யும் வேலையை ஒரே காதையில் பார்க்க வேண்டுமானால் இதை எடுத்துப் படியுங்கள்.

படி 3: விதையைப் பின்னால் போய் ஊன்றுங்கள்

பின்கதையில் திறக்கப்போகும் பெட்டியைக் கதைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஒருமுறை காட்டினால் வாசகர் மறந்துவிடுவார், ஐந்துமுறை காட்டினால் பிடித்துவிடுவார். மூன்று இடம் கணக்காக இருக்கும்.

நம்முடைய கதையில் முதல் இடம் இரண்டாம் அத்தியாயம். பிள்ளைகள் இருவரின் சான்றிதழ்களையும் அம்மா ஒரே துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைக்கிறாள். அந்த இடத்தில் அது அம்மாவின் சுபாவத்தைக் காட்டும் காட்சி மட்டுமே, வேறொன்றும் தெரியக் கூடாது. இரண்டாவது, பிரஜாவுரிமை விண்ணப்பம் நிரப்பும் காட்சி. காகிதம் வெளியே வருகிறது, அதற்கு என்ன மதிப்பு என்று வாசகருக்குப் புரிகிறது. மூன்றாவது, புறப்படுவதற்கு முதல்நாள் இரவு. விளக்கு வெளிச்சத்தில் மூட்டை கட்டும்போது துணிச்சுற்று அப்படியே பெட்டிக்குள் போகிறது. வாசகர் கண்ணில் படுகிறது, மாரியாயி பார்க்கவில்லை. ‘ஐயோ, அதைக் கவனித்திருந்தால்’ என்று ஒரு வரி எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள்.

முதல் பிரதியை முடித்த பிறகே இந்த வேலையைச் செய்யுங்கள். பின்கதையை எழுதிப் பார்த்தால்தான் எதை எங்கே ஊன்ற வேண்டும் என்பது தெரியும்.

படி 4: எழுதுங்கள். ஒரு காட்சி, ஒரு பொருள்

பெரும்பாலானவர்களின் முதல் வரைவு இப்படித்தான் வரும்:

*நாற்பத்தேழு வருடங்கள் உருண்டோடிவிட்டன. மாரியாயிக்கு இப்போது தலை முழுக்க நரை. மூத்த மகன் கொழும்பில் கடை வைத்திருக்கிறான். இரண்டாவது மகள் ஆசிரியை. கடைக்குட்டி வெளிநாட்டில். தோட்டத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது, ரோடு வந்துவிட்டது. ஆனாலும் அண்ணனை நினைக்காத நாள் அவளுக்கு ஒன்றுகூட இல்லை. பிரிவுதான் எத்தனை கொடியது!*

இதில் காட்சி இல்லை, யாரும் எதுவும் செய்யவில்லை. பிள்ளைகளின் தொழில் பட்டியல் வாசகர் கேட்காத கேள்விக்குப் பதில். மின்சாரமும் ரோடும் எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும். கடைசி வரி, இருநூறு பக்கம் காட்டியதை மறுபடி வாயால் சொல்கிறது, நாவலுக்கு அதைவிடப் பெரிய சேதம் வேறில்லை. அதே இடத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

*கடிதம் ஆபீசில் நாலு நாள் கிடந்திருக்கிறது. பேத்திதான் வாங்கிவந்தாள்.*

*“அம்மாயி, இந்தியா முத்திரை. கூடலூருன்னு போட்டிருக்கு.”*

*மாரியாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உள்ளே கடிதம் இல்லை. நாலாக மடித்த ஒரு காகிதம். மடிப்பில் கிழிந்த இடங்களில் டேப் ஒட்டியிருந்தது, டேப்பும் மஞ்சளாகிப்போயிருந்தது.*

*“யாரு பேரு போட்டிருக்கு?”*

*“ஒங்க பேருதான் அம்மாயி. பெறப்புச் சான்றிதழ்.”*

*உறையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னாள். அனுப்பியவர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர். அவளுக்குத் தெரியாத பெயர்.*

*“அண்ணே பேரு இல்லையா?”*

*பேத்தி மறுபடியும் பார்த்தாள்.*

எத்தனை வருடம் ஓடியது என்று இதில் எங்கும் இல்லை. ‘அம்மாயி’ என்ற விளியும் மஞ்சளான டேப்பும் அதைச் சொல்லிவிடுகின்றன. அண்ணன் இருக்கிறானா இல்லையா என்று யாரும் வாய்திறக்கவில்லை. காகிதத்தை இத்தனை காலம் யாரோ பாதுகாத்திருக்கிறார்கள் என்பது ஒட்டிய டேப்பில் இருக்கிறது. கடிதங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வராமல் தோட்டத்து ஆபீசில் கிடப்பது தெரிந்த வாசகருக்கு முதல் வரியே போதும், தெரியாதவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

வரைவு முடிந்ததும் கடைசி மூன்று வாக்கியங்களைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். மேலேயே நின்றுவிட முடிகிறதென்றால் அந்த மூன்றையும் வெட்டுங்கள். பெரும்பாலும் வெட்டவே நேரும்.

படி 5: நீளம்

இருநூறு பக்க நாவலுக்கு மூன்றிலிருந்து ஆறு பக்கம். குறுநாவலுக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. சிறுகதைக்குப் பின்கதை வேண்டாம். இடைவெளி விட்டு ஒரு பத்தி எழுதினாலே அந்த வேலை நடந்துவிடும்.

பெரிய எழுத்தாளர்கள் இந்தக் கணக்கை மீறியிருக்கிறார்களே என்று கேட்கலாம். தோல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் பின்கதை இரண்டு பாகம். இரண்டாவது பாகத்தில் பாத்திரங்களே கிடையாது, வரலாறு எப்படி இயங்குகிறது என்ற விசாரணை மட்டும்தான். அந்த நாவலை விரும்பிப் படித்தவர்களிலும் பலர் அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். புதியவர் படிக்க வேண்டியது தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’. இரண்டே சிறு அத்தியாயங்கள், சைபீரியச் சிறை. என்ன தீர்ப்பு, எத்தனை ஆண்டு என்ற சட்ட விவரங்களை முதலில் சுருக்கமாக முடித்துவிட்டு, நாவல் முழுக்கக் கொலைசெய்த நாயகனிடம் நடக்காத மாற்றத்தின் தொடக்கத்தை மட்டும் காட்டுகிறார். அதுவும் ஒட்டவைத்தது போல இருக்கிறது என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. பின்கதை எழுதுகிறவர் அந்தச் சந்தேகத்தை எப்போதும் எதிர்பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மலையக நாவல்களுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: வரலாற்றையெல்லாம் பின்கதைக்குள் திணிப்பது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், பிறகு பார்க்கலாம் என்று விட்ட 1,50,000 பேர், அவர்களைச் சரிபாதியாகப் பிரித்த 1974 உடன்பாடு, மிஞ்சியவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். எல்லாம் வாசகருக்குத் தேவைப்படலாம். ஆனால் பேத்தி அம்மாயிக்கு இதையெல்லாம் விளக்குவதாக உரையாடல் எழுதினால் பேத்தி பாடப்புத்தகம் ஆகிவிடுவாள். பின்னிணைப்பில் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கிச் சொல்லிவிடுங்கள்.

படி 6: அச்சுக்குக் கொடுக்கும்போது

பின்கதை புதிய பக்கத்தில், முடிந்தால் வலப்பக்கத்தில் தொடங்கட்டும். தலைப்பு ‘பின்கதை’ என்றோ, வெறும் ஆண்டும் இடமுமாகவோ இருக்கலாம். ‘மீண்டும் சந்தித்தபோது’ என்று தலைப்பு வைத்துப் பொருளடக்கத்திலும் அச்சடித்தால், கதையைத் திறக்கும் முன்னே முடிவை விற்றுவிட்டீர்கள். கடைசி அத்தியாயத்தின் அடியில் ‘முற்றும்’ போடாதீர்கள். அது வேண்டுமென்றால் பின்கதையின் அடியில்தான் வர வேண்டும்.

செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். புத்தகம் 16 பக்கப் பாரமாக, அதாவது ஒரே தாளில் அடித்து மடிக்கும் தொகுதிகளாக, அச்சாகிறது. 12 பாரத்துக்கு 192 பக்கம். உங்கள் நாவல் 190இல் முடிந்து பின்கதை ஐந்து பக்கம் என்றால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரமோ அரைப் பாரமோ போக வேண்டிவரும். அச்சகத்தில் சட்டென்று எழுத்தளவைக் குறைத்து அடைத்துவிடுவார்கள், பின்கதை மட்டும் எறும்பெழுத்தில் வந்து நிற்கும். பக்க வடிவமைப்பு நடக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு, வேண்டுமானால் பின்னுரையைச் சுருக்குங்கள். நன்றிப் பட்டியல் குறைந்தால் கதைக்கு நட்டமில்லை.

மேடைக்கு வரும்போது

நாடகத்தில் இது வேறு மாதிரி. வாசகர் பக்கத்தைப் புரட்டத்தான் வேண்டும். சபையோ எழுந்து போய்விடலாம். கோயில் திடலில் என்றால் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே பாதிப்பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

மேடையில் பின்கதை மூன்று விதமாக வரும். நடிகர் ஒருவர் முன்னால் வந்து சபையோடு பேசுவது ஒன்று. ஷேக்ஸ்பியரின் ‘த டெம்பெஸ்ட்’ முடிவில் மந்திரவாதி புரொஸ்பெரோ தனியாக நின்று இருபது வரி பேசுகிறான். என் மந்திரமெல்லாம் தீர்ந்தது, நீங்கள் கைதட்டினால்தான் இந்தத் தீவிலிருந்து எனக்கு விடுதலை என்கிறான். சமஸ்கிருத நாடகங்களின் முடிவில் வரும் வாழ்த்தான பரத வாக்கியமும், நம் கூத்துகளை முடித்துவைக்கும் மங்களமும் இந்த வகைக்குப் பக்கத்தில் நிற்பவை.

காலம் கடந்து இன்னொரு காட்சி வைப்பது இரண்டாவது. பெர்னாட் ஷாவின் ‘செயிண்ட் ஜோன்’ (1923) நாடகத்தில் பிரெஞ்சு வீராங்கனை ஜோனை எரித்து 25 ஆண்டுக்குப் பிறகு, 1456இல், அரசனின் படுக்கையறையில் ஒரு கனவு. எரித்தவர்களும் கைவிட்டவர்களும் வந்து அவளைப் போற்றுகிறார்கள். 1920இல் அவளுக்குப் புனிதர் பட்டம் கிடைத்த செய்தியும் அந்தக் கனவுக்குள் வந்துவிடுகிறது. அப்படியானால் நான் உயிரோடு திரும்பி வரட்டுமா என்று அவள் கேட்டதும் ஒவ்வொருவராக நழுவிவிடுகிறார்கள். எரிப்போடு நாடகம் முடிந்திருந்தால் சபை அவளுக்காக அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும். பின்கதை அந்த அழுகையையே சந்தேகிக்க வைக்கிறது. இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஷா முன்னுரையிலேயே வாதாடிப் பதில் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது, முடிவைச் சபையிடமே ஒப்படைப்பது. பிரெக்டின் ‘செட்சுவானின் நல்ல மனிதர்’ நாடகத்தில் ஒரு நடிகர் வந்து, சரியான முடிவு எங்களுக்கு அகப்படவில்லை, நீங்களே தேடுங்கள் என்கிறார். பாடசாலை நாடகக் குழுக்கள் இதை அடிக்கடி எடுத்துக்கொள்கின்றன. ஆனால் நாடகம் முழுக்க ஒரே தரப்பைப் பேசிவிட்டு, கடைசியில் ‘முடிவு உங்கள் கையில்’ என்றால் அது ஏமாற்று வேலை. இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும் நாடகத்துக்கே அது பொருந்தும்.

மலையகத்தில் இதற்கெல்லாம் மூத்த பாடம் காமன் கூத்து. மாசியில் காமன் ஊன்றி, ரதியும் மன்மதனும் வீடு வீடாக ஆடிவந்து, கடைசி இரவில் சிவன் நெற்றிக்கண் திறந்து காமனை எரிக்கிறார். ரதி புலம்புகிறாள். உச்சம் அதுதான், கூட்டம் காத்திருப்பதும் அதற்குத்தான். ஆனாலும் கூத்து எரிப்போடு முடிவதில்லை. காமனை எழுப்ப வேண்டும். புராணப்படி எழுந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான், மற்றவர்களுக்கு அருவம். இந்த ஒரு நிபந்தனைதான் இங்கே பார்க்க வேண்டிய இடம். இழந்தது திரும்பி வருகிறது, பழையபடி அல்ல. எல்லாம் சுபம் என்று முடித்து உச்சத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கும் பின்கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நாடகம் எழுதுகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மேடை முடிவுரையை அமைப்பது

முதலில் யார் பேசுவது என்று தீர்மானியுங்கள். கதாநாயகன் பேசினால் பெரும்பாலும் பிரசங்கமாகப் போய்விடும். ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்த பாத்திரம் நல்ல தேர்வு. நம்முடைய கதை நாடகமானால், கொடியசைக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் பேசலாம்.

மேடைத் தமிழ் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் போகும், சபைக்குக் கேட்க வேண்டுமானால் அதற்கும் குறைவாக. ஒரு நிமிடத்தில் முடியட்டும். முப்பது நிமிட நாடகத்துக்கு ஒன்றரை நிமிடம் தாண்டினால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கத் தொடங்கும். தமிழ்த்தினம் போல நேர வரம்புள்ள போட்டி என்றால் முடிவுரையையும் சேர்த்துத்தான் கடிகாரம் ஓடும். ஒத்திகையிலேயே அதையும் சேர்த்து நேரம் பாருங்கள். போட்டியன்று நேரம் போதாமல் வெட்டுப்படுவது எப்போதும் கடைசிப் பகுதிதான்.

பேசுகிறவர் வேடத்திலிருந்து பாதி வெளியே வரட்டும். முழுக்கக் கலைக்க வேண்டியதில்லை. தொப்பியையோ தலைப்பாகையையோ கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாலே, இனிப் பேசப்போவது நம்மோடு என்று சபைக்குத் தெரிந்துவிடும். பேச்சில் சபைக்கு ஒரு வேலை கொடுங்கள். புரொஸ்பெரோ கைதட்டச் சொன்னது போல, ஒரே ஒரு வேலை, அன்றைக்கே செய்யக்கூடியது:

*(தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார்.)*
*கோச்சி போயிருச்சு. இனி இந்த ஸ்டேஷன்ல எனக்கு வேல இல்ல.*
*ஒங்க வீட்லயும் ஒரு டிரங்குப் பொட்டி இருக்கும். அடியில பழைய காயிதம் நாலு கெடக்கும்.*
*இன்னைக்கிப் போனதும் எடுத்துப் பாருங்க. அதுல இருக்கிற பேரெல்லாம் யாருன்னு பெரியவங்ககிட்ட கேளுங்க.*
*கேக்கிறதுக்கு ஆள் இருக்கிறப்பவே கேளுங்க.*
*(தொப்பியைப் போடுகிறார். பச்சைக்கொடி காட்டுகிறார்.)*

‘ஒற்றுமையே பலம்’, ‘சிந்திப்போம் செயல்படுவோம்’ வகை வரிகளுக்கு இங்கே இடமில்லை. அவை எந்த நாடகத்துக்கும் பொருந்தும், அதனாலேயே எதிலும் ஒட்டாது.

மேடையில் எங்கே சறுக்கும்

முதல் எதிரி திரை. உச்சக் காட்சி முடிந்ததும் திரை மூடினால் சபை கைதட்டி எழுந்துவிடும், பிறகு வரும் முடிவுரை நடக்கிறவர்களின் முதுகுக்குத்தான். திரையைத் தொடாதீர்கள். மற்ற நடிகர்கள் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்க, பேசுகிறவர் மட்டும் இரண்டடி முன்னால் வரட்டும். உச்சத்துக்குப் பிறகு ஐந்து விநாடி மௌனம் போதும். எட்டு விநாடியானால் கைதட்டல் விழுந்துவிடும். விழுந்தால் அது அடங்கும்வரை நின்று பேசத் தொடங்குங்கள், கைதட்டலுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசாதீர்கள்.

வெளிச்சத்தை நம்ப முடியாது. பாடசாலை மண்டபத்தில் டியூப் லைட்டுதான் இருக்கும். அணைத்துப் போட்டால் உடனே எரியாமல் மினுக்கி மினுக்கி வரும், சபை சிரித்துவிடும். விளக்கை விட்டுவிட்டுச் சத்தத்தால் இடைவெளி காட்டுங்கள். கோயில் திடலில் தப்புப் பறை இருந்தால் அதுவே போதும். ஆனால் எந்த அடி என்று வாசிப்பவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். சாமி அடியையும் சாவு அடியையும் காதால் பிரித்தறியும் சபை அது. தவறான அடி விழுந்தால் வேறொரு முடிவைப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

மழையையும் கணக்கில் எடுங்கள். தகரக் கூரை மண்டபத்தில் மழை இறங்கிவிட்டால் மெல்லிய குரலில் சொல்லும் கடைசி வரி முன்வரிசைக்கே கேட்காது. முடிவுரையின் முக்கிய வரியைக் கடைசிக்கு முந்தியதாக வைத்து, கடைசியைச் சொல்லில்லாத செய்கையாக முடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. மேலே பச்சைக்கொடி காட்டுவது அதற்காகவும்தான். மழை நாளுக்கென்று, மைக்கை ஒட்டி நின்று பேசும் ஏற்பாட்டையும் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அறிவிப்பாளர். முடிவுரையின் கடைசிச் சொல் வாயிலிருந்து விழுமுன்னே ‘இத்துடன் நாடகம் இனிதே நிறைவடைகிறது, அடுத்ததாக நன்றியுரை’ என்று மைக்கில் வந்துவிடுவார். அவர் மேல் குற்றமில்லை, அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் நாடகத்துக்கு எதிரே ‘கொடி இறங்கியதும் பத்து எண்ணிவிட்டு அறிவிக்கவும்’ என்று கையால் எழுதி, நாடகம் தொடங்குவதற்கு முன்பே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.